கடாரம் கூறும் நூல்கள்

பீடோங் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் கடாரம் என்னும் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. பட்டினப்பாலை, இராசேந்திர சோழன் மெய்க்கீர்த்தி, கலிங்கத்துப்பரணி ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் சான்று காட்டிப் பாடத்தை முடிப்பது வழக்கமாகிவிட்டது. மூன்றும் கடாரத்தைக் கூறுவன என்பது மெய். ஆயின் மூன்றும் ஒரே வகை நூல்கள் அல்ல. கடை ரசீதையும் திருமண வாழ்த்துப் பாவையும் ஒரே கோப்பில் கட்டிவைத்து, இரண்டும் தாள்தானே என்பாரை என்னென்பது!

பட்டினப்பாலை 301 அடிகளையுடையது. பெயருக்கேற்பப் பாலைத்திணை, தலைவியைப் பிரிய மனமில்லாத் தலைவன் தன் நெஞ்சிற்கு உரைப்பது. அச்சிறு கருத்தினுள் காவிரிப்பூம்பட்டினத்தின் வருணனை முழுவதும் அடங்கியிருக்கிறது. துறையில் குவியும் பண்டங்களை அடுக்கிவருகையில், ஈழத்தை அடுத்து இறுதியாக நிற்பது காழகம். அது கடாரமே என்பது நச்சினார்க்கினியர் உரை. பாட்டிற்குப் பல நூற்றாண்டு பிந்தியது. அங்கிருந்து 'ஆக்கம்' வந்தது என்பதற்கு மேல் பாட்டு ஒன்றும் சொல்லவில்லை. பீடோங்கை அடுத்த சுங்கை பத்துவில் 2009 இல் தொடங்கிய அகழாய்வு இரும்பு உருக்கிய இடங்களை வெளிக்கொணர்ந்தது. அதனை நினைந்து, அவ்வாக்கம் இரும்பே என்று கரும்பலகையில் எழுதத் தோன்றும். பாட்டில் அதற்கு இடமில்லை.

மெய்க்கீர்த்தியின் அமைப்பு வேறு. முதலாம் இராசராசன் காலத்தில் உருப்பெற்ற இவ்வகை, திருமகளை முன்னிட்ட மங்கலத் தொடக்கம், வெற்றிகளின் வரிசை, அரசன் பெயர், ஆட்சியாண்டு என்று செல்லும். அதன் பின்னரே கல்லில் வெட்ட வந்த செய்தி, அஃதாவது இன்ன கோயிலுக்கு இன்னார் அளித்த நிலமோ விளக்கோ, தொடங்கும். புதிய வெற்றி கிடைத்தால் வரிசை நீளும். எந்த ஆட்சியாண்டில் எந்த வெற்றி முதலில் ஏறுகிறது என்று நோக்கியே ஆராய்ச்சியாளர் காலம் கணித்தனர். கடாரப் படையெடுப்பை 1025 என்று கொள்வதும் அவ்வாறே. மெய்க்கீர்த்தியின் உண்மையான பயன் இதுவாகும்.

ஆனால் வகுப்பில் நிகழ்வது என்ன? சீவிசயம் தொடங்கி, பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம் முதலாக வரும் ஊர்கள் ஒவ்வொன்றிற்கும் ஓர் அடைமொழி உண்டு. அவ்வடைமொழிகளை நிலநூற் செய்தியாக மாணவர்க்குச் சொல்லிவிடுகின்றனர். இஃது அகவல் நடை; அடைமொழி எதுகைக்கும் மோனைக்கும் கட்டுப்பட்டது. மலையும் துறையும் அங்கு இருந்திருக்கலாம். எதுகை அழைத்து வந்திருக்கவும் கூடும். மேலும், ஊர்கள் கூறப்படும் முறையிலேயே கப்பற்படை சென்றது என்பதற்கும் உறுதி இல்லை. இங்கும் கடாரம் கடைசியாகவே நிற்கிறது. வணிகப் பட்டியலின் கடைசிப் பண்டமும் வெற்றிப் பட்டியலின் கடைசி ஊரும் ஒன்றாயிருப்பது சுவையான செய்தி.

பரணியைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. சயங்கொண்டார் பாடியது முதற் குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப் போர். கடாரம் இராசபாரம்பரியத்தில், முன்னோர் புகழ்வரிசையில் ஒருமுறை தலைகாட்டிப் போகிறது. போருக்குத் தனிச்சான்றாக அதனை எண்ணுதல் பொருந்தாது. சாண்டில்யனின் 'கடல் புறா'வைச் சான்றுக்கு அழைப்பாரும் உளர். அது நாவல் என்பதோடு விட்டுவிடலாம்.

பாடங்களில் பெரும்பாலும் விடுபடுவது ஆனைமங்கலச் செப்பேடு. லெய்டன் செப்பேடு என்று வழங்கும் இதில் இதழ்கள் 21. வடமொழிப் பகுதி ஐந்து, தமிழ்ப்பகுதி பதினாறு. நாகப்பட்டினத்தில் கடாரத்தரசன் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஊர் அளித்ததைக் கூறுவது. வடமொழிப் பகுதி பாராட்டுக் காவியம். தமிழ்ப்பகுதி நிலப்பத்திரம், பிடி சூழ்ந்து வந்த எல்லை முதலாக எல்லாம் எண்ணிச் சொல்வது. அவ்வறத்தை நிலைபெறச் செய்தவன் இராசராசனின் மகன் என்று அச்செப்பேடே கூறுகிறது. அம்மகன்தான் இராசேந்திரன். மெய்க்கீர்த்தியின் அமைப்பில் கடாரத்தரசன் பட்டத்து யானையும் பொற்குவியலும் பறிகொடுத்தவனாக வருவான். விகாரம் கட்டிய நண்பனாக வர அங்கு இடமே இல்லை.