ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்!

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். புத்தகத்துக்கு எழுதுகிறோம். புதுசாக ஓட்டல் திறந்தால் சாம்பாருக்குக்கூட எழுதுகிறோம். தினம் காலையில் வாசலில் வந்து விழுகிற பேப்பருக்கு மட்டும் யாரும் எழுதுவதில்லை. பேப்பர்காரனே எழுதினால் சொந்த வீட்டுக் கூரையில் கல்லெறிந்த மாதிரி ஆகிவிடுமே என்கிற தயக்கம்தான். இந்த வாரம் எறிந்துவிடலாம் என்று இருக்கிறேன்.

எடுத்துக்கொண்ட நாள் 2018 மே 25, வெள்ளிக்கிழமை. முன்னே பின்னே ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உலகப் பக்கத்தில் என்ன இருந்தது? வட கொரியா தன் அணுகுண்டு சோதனை மையத்தை முந்தின நாள் வெடி வைத்துத் தகர்த்திருந்தது. அதே முந்தின நாள், 'கிம்மைச் சந்திக்க வரமாட்டேன்' என்று ட்ரம்ப் லெட்டர் எழுதினார். (ஜூன் 12-ம் தேதி சிங்கப்பூருக்குப் போய்க் கை குலுக்கினார் என்பது வேறு விஷயம். அதையும் முதல் பக்கத்தில்தான் போட்டோம்.)

டெக்னாலஜி பகுதிக்கு அன்றைக்கு நல்ல அறுவடை. ஐரோப்பாவில் ஜி.டி.பி.ஆர். என்ற தகவல் பாதுகாப்புச் சட்டம் சரியாக 25-ம் தேதி அமலுக்கு வந்தது. உங்களுக்கே ஞாபகம் இருக்கும். என்றைக்கோ சட்டை வாங்கிய கம்பெனி, எப்போதோ டிக்கெட் போட்ட கம்பெனி எல்லாம் வரிசையில் நின்று, 'எங்கள் பிரைவசி பாலிசியை மாற்றியிருக்கிறோம்' என்று மெயில் அனுப்பிக்கொண்டிருந்தன. திறந்து படித்தவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள்.

இன்னொன்று, வி.பி.என்.ஃபில்டர். பெயர் ஏதோ தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் மாதிரி இருந்தாலும் இது ஒரு நாசகாரப் புரோகிராம். 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர்களுக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறது என்று சிஸ்கோ கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவு மே 23 அன்று அறிவித்தது. வழியில் போகிற தகவலை எட்டிப் பார்க்கும். தேவைப்பட்டால் ரவுட்டரையே செங்கல்லாக ஆக்கிவிடும். பின்னால் இருந்து இயக்குகிறவன் நினைத்தால் லட்சக்கணக்கான பேருடைய இன்டர்நெட்டை ஒரே சொடுக்கில் துண்டிக்கலாம். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. மக்களுக்கு ஒரு யோசனை சொன்னது. எல்லோரும் வீட்டு ரவுட்டரை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள்.

அடடா, எப்பேர்ப்பட்ட ஆபத்து, இல்லையா? லட்சக்கணக்கான பேருடைய இன்டர்நெட் ஒரே சொடுக்கில்!

அதே நாளில் அந்த ஆபத்து நடந்து முடிந்து, மூன்றாவது நாளாக ஓடிக்கொண்டிருந்தது. ரஷ்ய ஹேக்கர் செய்த வேலை இல்லை. தமிழ்நாடு அரசின் உள்துறை போட்ட உத்தரவு. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் மே 23 முதல் 27 வரை இணையச் சேவை கிடையாது. 2011 கணக்கெடுப்புப்படி மூன்று மாவட்டத்து ஜனத்தொகையைக் கூட்டிப் பாருங்கள், ஏறக்குறைய 67 லட்சம். நெல்லைக்கும் குமரிக்கும் கொஞ்சம் முன்னாடியே திருப்பிக் கொடுத்தார்கள். தூத்துக்குடி காத்திருந்தது.

என்னுடைய விமர்சனம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. முந்தின செய்தியை 'சைபர் பாதுகாப்பு' என்ற பட்டையின் கீழ் போட்டோம். பிந்தின செய்தியை 'சட்டம் ஒழுங்கு' என்ற பட்டையின் கீழ் போட்டோம். இரண்டும் ஒரே விஷயம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்! அந்த வாரம் நானும் டெஸ்க்கில் உட்கார்ந்திருந்தேன். அந்த ரவுட்டர் செய்திக்குத் தலைப்பு தேடிக் கால் மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

தோன்ற வைத்தது ஒரு போன் கால். தூத்துக்குடியில் என்னோடு பி.காம். படித்தவன், துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்டாக இருக்கிறான். வாட்ஸ்அப்பிலேயே குடித்தனம் நடத்துகிற ஆள், அன்றைக்கு லேண்ட்லைனில் கூப்பிட்டான்.

"எலேய், நீ பேப்பர்ல தான இருக்க? நெட்டு என்னைக்கு வரும்னு ஏதாவது தெரியுமா?"

"27 வரைக்கும்னு சொல்லியிருக்காங்கடா. ஊரு எப்படி இருக்கு?"

"ஊரு இருக்கு. ஊமையா இருக்கு. எங்க தெருவுல ஒரு பையன் 22-ந் தேதி போனவன், ஆஸ்பத்திரில இருக்கானா ஸ்டேஷன்ல இருக்கானான்னு அவங்க அம்மாவுக்கு இன்னும் தெரியல. ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்லுதான். செத்தது அம்பதுங்கான், நூறுங்கான்."

வதந்தி பரவக் கூடாது என்றுதான் நெட்டை நிறுத்தினார்கள். சோஷியல் மீடியாவைப் பார்த்துத்தான் கூட்டம் கூடுகிறது என்பது அரசு சொன்ன காரணம். அதில் கொஞ்சமும் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். தீப்பிடித்த இடத்தில் எண்ணெய் ஊற்றுகிற ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் 100-வது நாளில் ஊர்வலம் போனவர்கள் மீதும் மறுநாளும் போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தது வதந்தி இல்லை. வாய்வழி வந்த ஐம்பதையும் நூறையும் மறுப்பதற்குக் கையில் எதுவும் இல்லாமல் போனதுதான் நெட்டை நிறுத்தியதில் கிடைத்த பலன். வதந்திக்கு எந்தக் காலத்திலும் ரவுட்டர் தேவைப்பட்டதில்லை.

நண்பனுக்கு இன்னொரு தலைவலி இருந்தது. அந்த ஏப்ரலில்தான் வெளி மாநிலத்துக்குப் போகிற சரக்குக்கு ஈ-வே பில் கட்டாயமாகியிருந்தது. ஆன்லைனில் பில் போடாமல் லாரி நகரக் கூடாது. 'எல்லாம் ஆன்லைன்' என்று சொன்ன அரசாங்கம் ஒன்று, ஆன்லைனே கிடையாது என்று சொன்ன அரசாங்கம் ஒன்று. நடுவில் லாரி. ஆபீஸ் பையனை ஒரு பேப்பர்க் கட்டோடு பைக்கில் சாத்தூருக்கு அனுப்பினானாம். அது விருதுநகர் மாவட்டம், அங்கே நெட் உண்டு. மாவட்ட எல்லையைத் தாண்டியதும் பையனுடைய செல் கிணுகிணுவென்று பத்து நிமிஷம் அடித்துக்கொண்டே இருந்ததாம். மூன்று நாள் மெசேஜ்.

அந்த வருஷம்தான் என்ஜினீயரிங் கவுன்சலிங் முதல் முறையாக ஆன்லைனுக்கு மாறியது. விண்ணப்பம் போட வேண்டியதும் அதே மே மாதம். பிள்ளை பிளஸ் டூ முடித்திருந்த வீட்டில் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இதையெல்லாம் ஒருவர்கூட எழுதவில்லை என்று சொல்லவில்லை. எழுதினோம். உள்ளூர்ப் பக்கத்தில், துண்டு துண்டாக. நெட்டை நிறுத்த எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது, யார் கையெழுத்துப் போட வேண்டும், அது சரியா என்று யார் பார்ப்பார்கள் என்று அந்த வாரம் கேட்டவர்கள் குறைவு. விதிகள் 2017 ஆகஸ்டில்தான் வந்திருந்தன. மாநிலத்தில் உள்துறைச் செயலாளர் உத்தரவு போடலாம். அது சரியா என்று ஒரு மறுஆய்வுக் குழு ஐந்து வேலை நாளுக்குள் கூடிப் பார்க்க வேண்டும். நன்றாகக் கவனியுங்கள், வேலை நாள்! மே 26 சனி, 27 ஞாயிறு. குழு நிதானமாகக் கூடி, டீ சாப்பிட்டு, 'நிறுத்தலாமா?' என்று யோசிக்கும்போது நெட் திரும்பி வந்து இரண்டு நாள் ஆகியிருக்கலாம். காமர்ஸ் படித்தவனுக்கு இது தணிக்கை மாதிரித் தெரியவில்லை. கடையைக் காலி செய்துவிட்டுப் போன பிறகு ஸ்டாக் எடுக்க வருவது மாதிரித் தெரிகிறது.

(2020 ஜனவரியில், காஷ்மீர் வழக்கில், இப்படிப்பட்ட உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையின்றி நிறுத்தக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2024 நவம்பரில் பழைய விதிகள் போய்ப் புதிய விதிகள் வந்தன. துப்பாக்கிச் சூட்டை விசாரித்த அருணா ஜெகதீசன் கமிஷன் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபைக்கு வந்தது. போலீஸ் அதிகாரிகள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னது.)

'சரி சார், ஒரு வாரம் தவறிவிட்டது, விடுங்கள்' என்பீர்கள். இன்னொரு வாரத்தையும் பார்த்துவிடுவோம். ஒரு வருஷம் பின்னால் போகிறோம்.

2017 ஜூன் 27. நாட்பெட்யா. உக்ரைனில் வரிக்கணக்குத் தாக்கல் செய்ய எம்.இ.டாக் என்று ஒரு சாஃப்ட்வேர். நம்ம ஊர் ஆடிட்டர் ஆபீஸில் டேலி இருக்கிற மாதிரி அங்கே அது. அதன் 'அப்டேட்' வழியாக விஷத்தை ஏற்றிவிட்டார்கள். அதைக் கம்ப்யூட்டரில் வைத்திருந்த டென்மார்க் கப்பல் கம்பெனி மெர்ஸ்க் உலகம் முழுக்கப் படுத்தது. 45,000 கம்ப்யூட்டர், 4,000 சர்வர், எல்லாவற்றையும் புதிதாக நிறுவி எழுந்திருக்கப் பத்து நாள் ஆனது என்று அதன் தலைவரே பின்னால் சொன்னார். நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர். மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்திய டெர்மினலும் சிக்கியது. நான்கு நாள் கழித்து, ஜூலை 1-ல், இந்தியா முழுக்க வியாபாரிகள் ஜி.எஸ்.டி.க்காகப் புது சாஃப்ட்வேரில் காலடி வைத்தார்கள். இரண்டு செய்தியும் ஒரே வாரப் பேப்பரில் இருந்தன. வெவ்வேறு பக்கம். வரி சாஃப்ட்வேர் வழியாக ஒரு நாட்டையே கவிழ்த்தார்களே, நம்முடையது எப்படி என்று பக்கத்தைத் திருப்பிக் கேட்க ஆள் இல்லை.

தலைப்பாவது சரியாக இருந்ததா? 'பணம் கேட்டு மிரட்டும் வைரஸ்' என்று போட்டோம். 300 டாலர் கொடு என்று திரையில் கேட்டது வாஸ்தவம்தான். கொடுத்தாலும் ஃபைல் திரும்பி வராது. வந்தவன் திருடன் இல்லை, திருடன் வேஷத்தில் வீட்டைக் கொளுத்த வந்தவன். 2018 பிப்ரவரியில் அமெரிக்காவும் பிரிட்டனும் இது ரஷ்ய ராணுவத்தின் வேலை என்றன. ரஷ்யா மறுத்தது.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மெர்க் என்ற மருந்துக் கம்பெனி தன் நஷ்டத்துக்கு 140 கோடி டாலர் இன்ஷூரன்ஸ் கேட்டது. 'இது யுத்தம், யுத்தத்துக்கு பாலிசி கிடையாது' என்றன சில இன்ஷூரன்ஸ் கம்பெனிகள். அமெரிக்கக் கோர்ட் மருந்துக் கம்பெனி பக்கம் நின்றது. 2023-ல் அப்பீலிலும் அதே தீர்ப்பு. அடுத்த வருஷம் சமரசம். அதாவது, சைபர் தாக்குதல் என்பது யுத்தமா திருட்டா என்று முடிவு செய்யும் கேள்வி, கடைசியில் ஒரு பாலிசி பத்திரத்தின் பொடி எழுத்தில் வந்து நின்றது. தூத்துக்குடியில் ஏற்றுகிற பெட்டியில் பெரும்பகுதி சின்னக் கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகிறது. அந்தப் பெட்டிக்குப் பாலிசி எடுக்கிற மீன் ஏற்றுமதிக்காரருக்கு இதைவிட முக்கியமான உலகச் செய்தி இருக்க முடியுமா? நம் பக்கங்களில் இதை நான் பார்த்தது ஒரு விரற்கடை அளவுதான்.

மெர்ஸ்க் எப்படிப் பிழைத்தது தெரியுமா? எந்த கம்ப்யூட்டரை யார் திறக்கலாம் என்கிற மொத்த ஜாதகமும் உலகம் முழுக்க அழிந்துபோய், கானா நாட்டு ஆபீஸில் மட்டும் ஒரு பிரதி மிஞ்சியது. தாக்குதல் நடந்த நேரத்தில் அங்கே பவர் கட். நம்ம ஊரில் ஒரு காலத்தில் கரண்ட் போன போதெல்லாம் திட்டினோமே, எத்தனை வைரஸ் திரும்பிப் போயிற்றோ!

தொழில்நுட்பப் பாதுகாப்பு என்றால் ஏதோ அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான விஷயம் என்று நினைக்காதீர்கள். இந்தக் கரையில் அது 700 வருஷப் பழசு. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ முத்துக்குளிப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். எடுத்த முத்தில் ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு. சுறா வந்து கடிக்காமல் மந்திரம் போட்டுக் கட்டி வைக்கிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. அந்த மந்திரம் பகலுக்கு மட்டும்தான் செல்லும். சாயங்காலம் அவர்களே கட்டை அவிழ்த்துவிடுவார்களாம். இல்லாவிட்டால் ராத்திரி யாராவது திருட்டுத்தனமாக இறங்கி முத்தெடுத்துவிடுவார்களே! சுறாவையும் கட்டி, அதே சுறாவைக் காவலுக்கும் வைத்து, இரண்டுக்கும் சேர்த்து ஐந்து சதவீதம் வாங்கியிருக்கிறார்கள். ஆன்டி-வைரஸுக்கு வருஷா வருஷம் பணம் கட்டும்போதெல்லாம் எனக்கு இவர்கள் ஞாபகம் வரும். மந்திரத்தால் சுறா வராமல் இருந்ததா, சுறா அன்றைக்கு வரவே இல்லையா என்பதைக் குளிக்கிறவனால் கண்டுபிடிக்க முடியாது. கட்டை யார் கையில் கொடுத்திருக்கிறோம், அவர் எப்போது அவிழ்ப்பார் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்த விஷயத்தில் அவன் நம்மைவிட விவரமானவன்.

தூத்துக்குடிக் கடலுக்கு அடியில் இன்றைக்கு முத்துக்குளிப்பு இல்லை. 2006-ல் ஒரு கேபிள் போட்டார்கள். பி.எஸ்.என்.எல்.லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து, இங்கிருந்து கொழும்புக்குத் தெற்கே கல்கிசை வரைக்கும். ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று போன மாதம் போனபோது நாலு பேரிடம் கேட்டேன். ஒருவர், 'ஸ்பிக் நகர் பக்கம் குழி தோண்டினாங்களே அதுவா?' என்றார்.

நண்பனுடைய ஆபீஸுக்கும் போனேன். புது கம்ப்யூட்டர், இரண்டு கம்பெனி நெட் கனெக்‌ஷன், ஒன்று போனால் இன்னொன்று. மேஜை ஓரத்தில் அந்தப் பழைய லேண்ட்லைன் போனும் அப்படியே இருந்தது. யார் இதில் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டேன்.

"ஒருத்தரும் கூப்பிடதில்லை," என்றான். மாசா மாசம் பில் கட்டுகிறானாம்.