வாக்கியத்தின் வரைபடம்

புரூக்ளின் நகரில் ஆசிரியர்களாயிருந்த அலோன்ஸோ ரீட், பிரெய்னர்ட் கெல்லாக் என்னும் இருவர், 1877-ஆம் ஆண்டில் வெளியிட்ட தங்கள் இலக்கண நூலின் வாயிலாகப் பரப்பிய ஆங்கில வாக்கிய வரைபட முறை, அமெரிக்கப் பள்ளிக்கூடங்களின் கரும்பலகைகளைப் பல தலைமுறைக் காலம் அலங்கரித்த அபூர்வமான கலையாகும்.

படுக்கையாக ஓர் அடிக்கோடு. அதை ஊடறுத்துச் செல்லும் செங்குத்துக் கோட்டுக்கு இடப்புறம் எழுவாய், வலப்புறம் வினை. செயப்படுபொருளுக்கு முன் நிற்கும் கோடோ, அடிக்கோட்டைத் தொட்டதோடு நின்றுவிடும். 'தி லிட்டில் கேர்ல் ரெட் எ லெட்டர்' என்பதில் கேர்ல், ரெட், லெட்டர் ஆகிய மூன்றும் அடிக்கோட்டின்மேல் வீற்றிருக்க, ஏனைய சிறு சொற்கள் தாம் சார்ந்த சொல்லின் கீழே சாய்கோடுகளில் அமைகின்றன.

என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது வேறொரு நுட்பம். 'தி கேர்ல் இஸ் ஹாப்பி' என்னும்போது, 'ஹாப்பி'க்கு முன்னுள்ள கோடு, அந்த ஆனந்தம் எவருடையது என்பதைச் சுட்டிக் காட்டுவதற்காகவே எழுவாயை நோக்கிப் பின்சாய்ந்து நிற்கிறது! வாக்கியத்தின் அந்தரங்க சம்பந்தத்தை ஒரு கோட்டின் சாய்வினாலேயே உணர்த்திவிடும் இவ்வளவு விவேகமான உபாயத்தை வேறெந்த இலக்கணப் பாடத்திலும் நான் கண்டதில்லை. ஆங்கிலம் பயில்வோர் பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொண்டு, தமக்குப் பிடித்த வாக்கியம் ஒன்றை இம்முறையில் வரைந்து பார்க்க வேண்டுகிறேன்.