நிதானமாக எழும் முள்

1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் பெட்ரோல் முள்ளே கிடையாது. இருக்கையைத் தூக்கி, டேங்க் மூடியைத் திறந்து, கோடு போட்ட மரக்குச்சியை உள்ளே விட்டு, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்தக் குச்சி பொய் சொல்லாது.

முள் வந்த பிறகுதான் சிக்கல்.

1960-களின் பிற்பகுதியில் தயாரான எம்ஜிபி போன்ற பிரிட்டிஷ் கார்களை எடுத்துக்கொள்வோம். டேங்குக்குள் ஒரு மிதவை. அது ஏறி இறங்க, மின்தடைக் கம்பிச் சுருளின் மேல் ஒரு கை நகர்கிறது. டாஷ்போர்டில், முள்ளுக்குப் பின்னால், இரட்டை உலோகப் பட்டை ஒன்று மின்சாரத்தில் சூடாகி வளைந்து முள்ளைத் தள்ளுகிறது. சாவியைத் திருப்பியதும் முள் சோம்பல் முறித்து எழுவது இதனால்தான். வளைவில் பெட்ரோல் அலம்பினாலும் அது பதறுவதில்லை. எவ்வளவு அழகான நிதானம்!

பேட்டரியின் மின்னழுத்தம் கூடிக் குறையும் அல்லவா? அதற்காக ஸ்டெபிலைசர் என்ற சின்னப் பெட்டி மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பி, சராசரியை 10 வோல்ட்டில் நிறுத்துகிறது. அதன் எர்த் இணைப்பு துருப்பிடித்தால் முழு 12 வோல்ட்டும் பாயும். பெட்ரோல் முள் கூடுதலாகக் காட்டும்; எஞ்சின் வெப்ப முள்ளும் அதே பெட்டியில் இணைந்திருந்தால், அதுவும் சேர்ந்தே கூடும். பெட்ரோல் முள் மட்டும் எப்போதும் காலி என்றால், மிதவை ஓட்டை விழுந்து மூழ்கியிருக்கலாம்.

பழுது நீங்கிய பின்னும் பொறுமைக்காரர்கள் ஓய்வதில்லை. டேங்கைக் காலி செய்து, ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் அடங்கும்வரை காத்திருந்து, அது நிற்கும் இடத்தை ஓர் அட்டையில் குறித்துக்கொள்கிறார்கள்.