93-க்கும் 4-க்கும் நடுவில் ஓர் ஆட்டம்

விமர்சகர்கள் நூற்றுக்கு 93 கொடுத்தார்கள். ரசிகர்கள் பத்துக்கு 4 கூடக் கொடுக்கவில்லை. 2020 ஜூன் 19 அன்று பிளேஸ்டேஷன் 4-இல் வெளிவந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 2' கேமுக்கு மெட்டாகிரிட்டிக் தளத்தில் விமர்சகர் கணக்கு கடைசியில் நின்ற இடமும் ரசிகர் கணக்கு முதல் சில நாட்களில் நின்ற இடமும் இவை. முதல் மூன்று நாட்களில் உலகம் முழுக்க 40 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருந்தது. விமர்சனம் ஒரு பக்கம், ரசிகர் வாக்கு எதிர்ப் பக்கம், விற்பனை இரண்டையும் கண்டுகொள்ளாமல் தன் போக்கில்.

அந்த ஜூனில் மலேசியாவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஜொகூர் பாலம் பயணிகளுக்கு மூடிக் கிடந்தது. மார்ச் 18-இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாடு தளர்ந்திருந்தாலும், தினமும் சிங்கப்பூர் போய்வந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு வழி பிறக்கவில்லை. ஒரு தொற்றால் உலகமே சிதைந்துபோன கதையை, இன்னொரு தொற்று வாசலில் நின்ற நாட்களில், ஜொகூர் பாருவில் பலர் வீட்டுக்குள் உட்கார்ந்து ஆடினார்கள். ஆடியவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. 2025-இல் இந்தக் கேமைத் தழுவிய தொலைக்காட்சித் தொடரின் இரண்டாம் பருவமும், அதே ஆண்டு ஜூலையில் தயாரிப்பு நிறுவனமான நாட்டி டாக் இலவசமாக வெளியிட்ட புதிய ஆட்ட முறையும் அதை மறுபடி கிளப்பிவிட்டன. எனவே மதிப்பெண் பட்டியலை இன்னொரு முறை எடுத்துப் பார்ப்பது தகும்.

கதை தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். முடிச்சை அவிழ்க்காமல் இந்த ஆட்டத்தை அலச வழியில்லை.

யார் எப்போது எழுதிய மதிப்பெண்?

விமர்சகர்களின் மதிப்பெண்கள் ஜூன் 12-ஆம் தேதியே வந்துவிட்டன. விற்பனைக்கு ஒரு வாரம் முன்பு. அவர்கள் ஆட்டத்தை முழுவதும் ஆடித்தான் எழுதினார்கள். ஆனால் பிற்பாதிக் கதையைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு எழுதினார்கள். இந்த ஆட்டத்தின் பெரிய துணிச்சல் இருப்பதே பிற்பாதியில்தான். ஆகவே வாசகர் கைக்கு வந்தவை பாதி ஆட்டத்துக்கான காரணங்களும் முழு ஆட்டத்துக்கான மதிப்பெண்ணும். பாராட்டு மிகையாகத் தெரிந்ததற்கு விமர்சகர்களின் ரசனையைவிட இந்த ஏற்பாட்டுக்கே பங்கு அதிகம்.

ரசிகர்களின் கணக்கு இதற்கு நேர்மாறு. ஆட்டத்தை முடிக்க ஏறத்தாழ 25 மணி நேரம் வேண்டும். விற்பனைக்கு வந்த முதல் நாளிலேயே பூஜ்ஜியங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. ஜொகூரின் சுல்தான் இப்ராஹிம் அரங்கில் பத்தாவது நிமிடத்தில் எழுந்துபோனவர் மறுநாள் காப்பிக்கடையில் ஜேடிடி அணியின் கால்பந்து ஆட்டத்தை அலசுவது போன்றது இது. ஏப்ரல் இறுதியிலேயே கதையின் முக்கியக் காட்சிகள் இணையத்தில் கசிந்துவிட்டதால், டிஸ்க்கைத் தொடும் முன்பே முடிவு கட்டியவர்களும் உண்டு. தன்பாலின உறவில் இருக்கும் நாயகி, தசை முறுக்கேறிய இன்னொரு பெண் என்பதற்காகவே வெறுத்தவர்களும் உண்டு. அந்த இன்னொரு பெண்ணான ஏபி பாத்திரத்துக்குக் குரலும் நடிப்பும் தந்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் வரை போனது. ஜூலை மாதம் மெட்டாகிரிட்டிக் தன் விதியையே மாற்றியது. ஒரு கேம் வெளிவந்து 36 மணி நேரம் கழித்துத்தான் பயனர்கள் விமர்சனம் எழுதலாம் என்றானது.

அவசரக் கோபம் ஆறிய பிறகு எடுத்த வாக்குகள் வேறு கதை சொல்கின்றன. 2020 நவம்பரில் பொதுமக்கள் வாக்களிக்கும் கோல்டன் ஜாய்ஸ்டிக் விருதில் ஆண்டின் சிறந்த கேம் இதுதான். 2021 மார்ச்சில் பாஃப்டா விழாவில் நடுவர்கள் தேர்ந்த சிறந்த கேம் 'ஹேடிஸ்'. மக்கள் வாக்கில் வென்றது 'பாகம் 2'. ஆனால் 2020 டிசம்பரில் நடந்த தி கேம் அவார்ட்ஸில் நடுவர் பக்கம் ஏழு விருதுகளை அள்ளிய இதே ஆட்டம், ரசிகர் வாக்கில் 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா'விடம் தோற்றது. ரசிகர்கள் இதை வெறுத்தார்கள் என்றும் சொல்ல முடியாது, கொண்டாடினார்கள் என்றும் சொல்ல முடியாது. அவர்கள் பிளவுபட்டார்கள். அந்தப் பிளவுக்கு ஆட்டத்துக்குள்ளேயே காரணம் இருக்கிறது.

கோபத்தின் பிறப்பிடம்

2013-இல் வந்த முதல் பாகத்தில் நாம் ஜோயல். மகளைப் பறிகொடுத்த முரட்டு மனிதர். எல்லி என்ற சிறுமியை அமெரிக்காவின் குறுக்கே அழைத்துப் போகிறார். அவள் உடல் நோயை எதிர்த்து நிற்கிறது. அவளிடமிருந்து மருந்து தயாரிக்கலாம். ஆனால் அதற்கு அவள் சாக வேண்டும். கடைசியில் ஜோயல் மருத்துவமனைக்குள் புகுந்து, அறுவை மருத்துவரைக் கொன்று, எல்லியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். அவளிடம் பொய்யும் சொல்கிறார். அந்தத் துப்பாக்கியின் விசையை அழுத்தியது நம் விரல்தான்.

ஏழு ஆண்டுகள் அந்த இருவரை மனத்தில் வைத்திருந்த ரசிகர், இரண்டாம் பாகம் தொடங்கிச் சில மணி நேரத்துக்குள் ஜோயல் அடித்துக் கொல்லப்படுவதைப் பார்க்கிறார். அடிப்பவள் ஏபி. எல்லி பழிதீர்க்க சியாட்டிலுக்குப் போகிறாள். மூன்று நாள் வேட்டை. மூன்றாம் நாள் ஒரு பழைய திரையரங்கில் இருவரும் நேருக்கு நேர் வரும் நொடியில் கதை அறுந்துபோய், மறுபடி முதல் நாளுக்குத் திரும்புகிறது. இப்போது நம் கையில் இருப்பது ஏபி. அந்த அறுவை மருத்துவரின் மகள்.

வெடித்தது இந்த இடத்தில்தான். விளம்பரமும் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது. முன்னோட்டத்தில் எல்லிக்குத் துணையாக சியாட்டிலில் வந்து நிற்பவர் ஜோயல். ஆட்டத்தில் அதே இடத்தில் நிற்பவர் ஜெஸ்ஸி என்ற வேறொருவர். ரகசியத்தைக் காப்பாற்றச் செய்த வேலை என்று நிறுவனம் நினைத்திருக்கலாம். காசு கொடுத்தவர் ஏமாற்றப்பட்டதாகவே எண்ணினார். இந்தக் குற்றச்சாட்டில் நியாயம் ரசிகர் பக்கம்தான்.

கர்ணனுக்காக அழும் நாம்

எதிரணிக்காரன்மேல் இரக்கம் வரவைப்பது நமக்குப் புதிதல்ல. அபிமன்யுவைச் சூழ்ந்து நின்று கொன்றவர்களில் கர்ணனும் ஒருவன். ஆனாலும் அவன் தேர்ச்சக்கரம் மண்ணில் புதையும்போது விடிய விடியக் கூத்துப் பார்த்த ஊர் அழுகிறது. 1964-இல் சிவாஜி நடித்த 'கர்ணன்' படம் பார்த்த தலைமுறை இங்கேயும் அழுதிருக்கிறது. காரணம், அவன் ஆற்றில் விடப்பட்ட குழந்தை என்பது நமக்கு முதலிலேயே தெரியும். அவமானங்களை முதலில் பார்த்தோம், குற்றத்தைப் பிறகு பார்த்தோம்.

நாட்டி டாக்கின் நீல் டிரக்மனும் ஹாலி கிராஸும் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார்கள். குற்றம் முதலில், வாழ்க்கை பிறகு. அப்படியானால் வரிசைதான் பிழையா? இந்தக் கேள்விக்கு ஐந்து ஆண்டுகள் கழித்து இரண்டு சோதனைகள் கிடைத்தன.

முதல் சோதனை எச்பிஓ தொடர். 2025 ஏப்ரல் 13-இல் தொடங்கிய இரண்டாம் பருவத்தில், ஏபியின் காரணத்தை ஒளித்து வைக்கவில்லை. முதல் அத்தியாயத்திலேயே அவள் துக்கமும் சபதமும் தெரிந்துவிடுகின்றன. கூத்துக்காரரின் வரிசைக்கு நெருங்கி வந்தார்கள். ரசிகர் மதிப்பெண் உயரவில்லை. முதல் பருவத்தைவிடப் பெரிதும் சரிந்தது. அதற்கு வேறு காரணங்களும் உண்டுதான். ஆனாலும் ஏபியை முன்கூட்டியே அறிமுகம் செய்தால் ஜோயலின் சாவு செரித்துவிடும் என்ற நம்பிக்கை பொய்த்தது. ரசிகர் கேட்டது விளக்கம் அல்ல, ஜோயல்.

இரண்டாம் சோதனை ஜூலையில் வந்த புதிய ஆட்ட முறை. இதில் சம்பவங்கள் நடந்த கால வரிசைப்படி வருகின்றன. நினைவுகளாக இடையிடையே வந்த காட்சிகள் அவற்றுக்குரிய இடத்துக்கு முன்னே போகின்றன. சியாட்டிலின் மூன்று நாட்களும் எல்லி, ஏபி என்று மாறி மாறி நகர்கின்றன. கதை தெளிவாகிறது. ஜோயலுக்கும் எல்லிக்கும் இடையே விழுந்த விரிசல் அவர் சாவுக்கு முன்பே தெரிவதால் அந்தச் சாவின் கனம்கூட வேறாகிறது. ஆனால் ஒன்று தொலைந்துபோகிறது. ஏபியை வெறுத்துக்கொண்டே ஏபியாக நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கதை கேட்பவராக இருவரையும் புரிந்துகொள்கிறோம், கை நடுங்குவதில்லை.

கூத்துக்கும் கேமுக்கும் உள்ள வேறுபாடு இங்கே துலங்குகிறது. கூத்தில் அழுவதற்கு ஈரமான மனம் போதும். கேமில் நம் கையே செயல்பட வேண்டும். தெரியாமல் கொன்றுவிட்டு, கொன்றது யாரை என்று பிறகு அறிவதை மூல வரிசையால் மட்டுமே செய்ய முடிகிறது.

களத்தில் எப்படி?

எண்ணம் உயர்வாக இருந்தால் மட்டும் ஆட்டம் வென்றுவிடாது. களத்தில் அது நிறைவேறியதா?

பெரும்பாலும் ஆம். எதிரிகள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். தோழன் விழுந்தால் அவன் பெயரைக் கூவி அலறுகிறார்கள். எல்லியாக ஆடும்போது தற்காப்புக்காக நாம் கொல்லும் அலிஸ் என்ற நாய், பிறகு ஏபியின் பகுதியில் பந்தை எடுத்து வந்து நம் காலடியில் போடுகிறது. அதற்கு நாம்தான் பந்தை எறிய வேண்டும். ஏபியின் படை குடியிருப்பது சியாட்டிலின் ஒரு கால்பந்து அரங்கில். சாப்பாட்டுக்கூடம், பள்ளிக்கூடம், உடற்பயிற்சிக்கூடம் எல்லாம் கடந்து அவளோடு நடக்கும்போது, வெறும் எதிரிப் படையாக இருந்தது ஊராகிவிடுகிறது. திரையரங்குச் சண்டையில் எல்லியையே அடித்து வீழ்த்த நம் கையில் ஏபியைக் கொடுப்பது, இந்த வகைக் கேம்களில் நான் பார்த்த மிகக் கொடூரமான, மிக நேர்மையான முடிவு. பார்வை, செவித்திறன் குறைந்தவர்களும் ஆடும்படி 60-க்கும் மேற்பட்ட வசதிகளைச் சேர்த்ததும் வெறும் ஒப்புக்குச் செய்த வேலை அல்ல.

சறுக்கல் வேகத்தில். எல்லியின் பகுதி உச்சத்தில் அறுந்த பிறகு ஏபியின் ஆயுதங்கள், திறன்கள் எல்லாம் அடியிலிருந்து தொடங்குகின்றன. பத்து மணி நேரத்துக்கு மேல் உழைத்துச் சேர்த்தது கையை விட்டுப் போன எரிச்சலும் ஏபிமேல் உள்ள வெறுப்பும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அந்த எரிச்சலைக் கதையின் வலி என்று வாதாட முடியாது. அது ஆட்ட வடிவமைப்பின் பலவீனம். திரையரங்குக்குப் பிறகும் கதை முடியாமல் சாண்டா பார்பரா வரை நீள்வது இன்னொன்று. எல்லி கடைசியில் ஏபியை விட்டுவிடும் இடம் தேவையானதே. அங்கே போய்ச் சேருவதற்குள் பலர் களைத்துவிட்டார்கள்.

பாதுகாப்பான வழியும் உண்டு

நம் நாட்டிலேயே ஒரு மாற்று வழி இருக்கிறது. மலேசிய நிறுவனமான கைகன் கேம்ஸ் 2017-இல் 'சிமுலாக்ரா' என்ற திகில் கேமை வெளியிட்டது. காணாமல்போன ஒரு பெண்ணின் கைப்பேசி நம்மிடம் கிடைக்கிறது. செய்திகளையும் படங்களையும் துருவி உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டும். 2019, 2022 ஆண்டுகளில் வந்த அடுத்த பாகங்களில் கைப்பேசிக்காரர் வேறு, மர்மம் வேறு. வடிவம் தொடர்கிறது, நாம் நேசித்த ஆள் தொடர்வதில்லை. எனவே ரசிகர் கோபிக்க இடமில்லை. சின்ன நிறுவனத்துக்கு அது புத்திசாலித்தனமான ஆட்டம். ஆனால் கோபத்துக்கு இடமில்லாத தொடர்ச்சியில், முதல் பாகத்தில் நாம் செய்த செயலுக்குக் கணக்குக் கேட்கவும் இடமில்லை. 'பாகம் 2' கேட்டது அந்தக் கணக்கைத்தான். மருத்துவமனையில் நாம் சுட்ட ஒருவருக்கும் மகள் இருந்தாள் என்றது.

தீர்ப்பு

93 என்பது துணிச்சலுக்கு வைத்த மதிப்பெண், அதில் நீளத்துக்கும் வேகக் குறைவுக்கும் கழிக்க வேண்டியதைக் கழிக்கவில்லை. 4-க்கும் கீழே போனது ஜோயல்மேல் வைத்த அன்பின் அளவு, அதை ஆட்டத்தின் தரத்துக்கான அளவாக எடுக்க முடியாது. என் கணக்கில் இது 85-இல் நிற்கும் ஆட்டம்: திட்டத்தில் முழு வெற்றி, நிறைவேற்றத்தில் கடைசிக் கால்பங்கில் மூச்சுத் திணறல்.

கோபப்பட்டவர்கள் ஆட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று சொல்லும் விமர்சகர்களோடு நான் சேரமாட்டேன். அந்தக் கோபத்தைத்தான் ஆட்டம் அவர்களிடம் கேட்டது. அவர்கள் தாராளமாகக் கொடுத்தார்கள். அந்தக் கோபத்தை வைத்து ஆட்டம் என்ன செய்யப்போகிறது என்பதைப் பார்க்காமல் எழுந்துபோனதுதான் அவர்கள் பிழை.

இதுவரை ஆடாதவர்களுக்கு ஒரு பரிந்துரை. ஜொகூர் பாருவில் ஹாலிடே பிளாசா பக்கம் பழைய டிஸ்க் கிடைத்தாலும் சரி, 2024-இல் பிளேஸ்டேஷன் 5-க்கும் 2025-இல் கணினிக்கும் வந்த மெருகேற்றிய பதிப்பை வாங்கினாலும் சரி, முதல் தடவை மூல வரிசையிலேயே ஆடுங்கள். ஏபியின் முதல் நாள் தொடங்கும்போது கோபம் வரும். வரட்டும், டிஸ்க்கை வெளியே எடுக்காதீர்கள். மெருகேற்றிய பதிப்பில் உள்ள கால வரிசை முறை இரண்டாம் தடவைக்கு. மதிப்பெண் போடுவதானால் இரண்டையும் முடித்துவிட்டுப் போடுங்கள்.