புயலில் மாறிய திட்டங்கள்: அப்போஸ்தலர் 27ஐப் பிரசங்கிக்கும் முறை

பவுலின் கடற்பயணத்தைக் கூறும் அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தின்மேல் நம் திருச்சபைகளில் நிகழ்த்தப்பெறும் பிரசங்கங்கள் பெரும்பாலும் ஒரே தடத்திற் செல்கின்றன. தேவமனிதன் எச்சரித்தான், நூற்றுக்கு அதிபதியோ மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பினான், கீழ்ப்படியாமைக்குத் தண்டனையாகப் புயல் வந்தது. இவ்வியாக்கியானம் வேதவாக்கியத்திற்கு இசைந்ததன்று என்பதே நம் கருத்து.

அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர் போன்ற கடலோரச் சபைகளில் ஊழியஞ் செய்வோர்க்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. கடலிற் போனவன் திரும்பாத வீட்டிலே இவ்வியாக்கியானத்தைச் சொன்னால், இறந்தவனே குற்றவாளியாகிறான். அவன் மனைவி மக்கள் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

முதலாவது, மாலுமிகள் பெருங்கடலைக் கடக்கத் துணியவில்லை. நோன்புநாள் கழிந்து, கப்பலோட்டத்திற்கு ஆகாத பருவம் வந்துவிட்டது. நம் கரையிலும் ஏறக்குறைய அக்காலத்திலேயே வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. 'நல்ல துறைமுகம்' என்னும் பெயர் இருந்தும் அவ்விடம் மழைகாலத்தில் தங்க வசதியற்றது. ஆகவே அதே கிரேத்தா தீவிலுள்ள பேனிக்ஸ் துறைக்குக் கரையோரமாய்ப் போய்ச் சேர்வதே அவர்கள் திட்டம். பெரும்பாலோரின் ஆலோசனையும் அதுவே. லூக்கா இதைப் பாவமென்று எங்கும் சொல்லவில்லை.

பவுலின் முதல் எச்சரிப்போ தேவதூதன் தந்த செய்தியன்று. 'காண்கிறேன்' என்றே அவர் பேசுகிறார். இதற்கு முன்னரே மூன்றுமுறை கப்பற்சேதத்தில் இருந்ததாக 2 கொரிந்தியர் 11:25இல் எழுதியவர், பட்டறிவால் சொன்ன யோசனை அது. சரக்கும் கப்பலும் மட்டுமன்றி உயிர்களும் சேதமாகும் என்றார் (வச. 10). தூதன் தோன்றிய பின்னரோ ஒரு பிராணச்சேதமும் வராது என்கிறார் (வச. 22). அப்போஸ்தலரின் சொல்லே மாறியிருக்கிறது! லூக்கா அதை மறைக்கவில்லை. நாம்தாம் வசனம் 10ஐ வாசித்து, அதன் பிற்பகுதியை விழுங்கிவிடுகிறோம்.

காற்றின் பெயரையும் இங்கே குறிக்கலாம். பழைய மொழிபெயர்ப்பிலுள்ள 'யூரோக்கிலிதோன்' பிரசங்கியாரின் நாவையே புரட்டுகிறது. மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளின் பாடம் வடகிழக்குக் காற்றைக் குறிப்பது. அதற்கு 'வாடைக்கொண்டல்' என்று கேட்டவுடன் விளங்கும் தமிழ்ச்சொல் உண்டு. அதே மொழிபெயர்ப்பில் வரும் 'சொரிமணல்', 'விழுது', 'பாகம்' என்பவையோ கடலறிந்த சொற்கள்.

காற்றில் அகப்பட்டபின் மாலுமிகள் செய்தவற்றைக் கவனிக்க வேண்டும். படகைத் தூக்கிக் கட்டினர், கப்பலைக் கயிறுகளால் வரிந்தனர், பாய்களை இறக்கினர், சரக்கை எறிந்தனர். 1848இல் வெளிவந்த நூலில் ஸ்காட்லாந்தியரான ஜேம்ஸ் ஸ்மித், இப்படி அடிபட்டுச் செல்லும் கப்பல் கிலவுதாவிலிருந்து மெலித்தாவை அடைய ஏறக்குறையப் பதின்மூன்று நாள் ஆகும் என்று கணக்கிட்டார். லூக்கா கூறும் பதினான்காம் இரவுக்கு அது ஒத்துவருகிறது. சொரிமணலில் விழாதபடி கப்பலைக் காத்தது அவர்கள் தொழிலறிவே.

அம்மாலுமிகளே பின்னர்ப் படகிறக்கித் தப்ப முயன்றபோது, அவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்று பவுல் சொல்கிறார். தேவவாக்கு பெற்ற பின்பும் மாலுமிகள் அவருக்கு வேண்டியிருந்தனர். 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலில் 'பிரதீபா காவேரி' என்னும் எண்ணெய்க் கப்பல் சென்னை பெசன்ட் நகர்க் கரையில் தரைதட்டியபோது, உயிர்காப்புப் படகில் இறங்கியவர்களுள் சிலர் படகு கவிழ்ந்து மாண்டனர். கப்பலில் தங்கியவர்கள் மீட்கப்பட்டனர். அப்படகில் இறங்கியவர்களைக் கீழ்ப்படியாதவர்கள் என்று எவரேனும் சொல்வாரா?

இவ்வதிகாரத்தில் கடைசியாக மாறிய திட்டம் ஒன்றுண்டு. கப்பல் தரைதட்டி உடையும்போது, கைதிகள் நீந்தி ஓடாதபடி அவர்களைக் கொன்றுவிடப் போர்ச்சேவகர் யோசித்தனர். பவுலைக் காப்பாற்ற மனதாய் அதைத் தடுத்து, நீந்தத் தெரிந்தவர் முதலில் குதிக்கவும் மற்றவர் பலகைகளைப் பற்றிக்கொண்டு போகவும் கட்டளையிட்டு, 276 பேரும் கரையேற வழிசெய்தவன் யூலியு என்னும் அதே நூற்றுக்கு அதிபதி. அவனைப் பாராட்டிய பிரசங்கம் ஒன்றையும் நாம் இன்றுவரை கேட்டதில்லை.