கொண்டையராஜு படத்தில் இரண்டு கையெழுத்து

சிவகாசி காலண்டர் படங்களைப் பற்றி அவ்வப்போது குறிப்பெடுத்து வைப்பது என் பழக்கம். இந்தக் குறிப்பு கொஞ்சம் நீண்டுவிட்டது. காரணம், ஏழாயிரம்பண்ணையில் இருக்கும் என் அண்ணன் மகள். ஓவியக் கல்லூரியில் கடைசி வருஷம். போர்ட்ஃபோலியோ தயாரிப்பது, விலை சொல்வது, தன்னம்பிக்கையோடு பேசுவது என்று அங்கே தொழிலுக்குத் தயார்ப்படுத்தும் பாடம் ஒன்று உண்டாம். லீவுக்கு ஊருக்கு வந்தவளுக்கு ஒரு காலண்டர்க்காரரிடமிருந்து ஆறு சாமி படத்துக்கு ஆர்டர் வந்தது. வரைந்து, ஓரத்தில் சின்னதாகப் பேர் எழுதி அனுப்பினாள். பேரை எடுத்துவிட்டு ஓப்பன் ஃபைலாக அனுப்பு என்று பதில் வந்தது.

"காலண்டர்ல கடைக்காரர் பேருதான் வரணும், ஒம் பேரு எதுக்குங்காக சித்தப்பா. நான் இன்னும் படிக்கிற பிள்ளைதான, கேக்க எனக்கென்ன தகுதி இருக்கு?"

இந்தக் கேள்விக்குத் தன்னம்பிக்கைப் பாடத்தில் பதில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பக்கத்து ஊரான கோவில்பட்டியில் இருக்கிறது.

சி. கொண்டையராஜு 1898-ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். படித்து முடித்ததும் தொழிலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியவர் இல்லை. துறவு மனத்தோடு அலைந்தார், திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனியில் சீன் எழுதுகிறவராகச் சேர்ந்தார். 1940-களில் அந்தக் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தபோது அங்கேயே தங்கிவிட்டார். தேவி ஆர்ட் ஸ்டுடியோ பிறந்தது அப்படித்தான். நாடெங்கும் வீடுகளில் தொங்கிய படங்களை அவர் எழுத ஆரம்பித்தபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. இருபத்தொரு வயதில் 'எனக்கென்று ஒரு ஸ்டைல் இன்னும் அமையலையே' என்று தூக்கம் கெடுகிற பிள்ளைகள் இந்த ஒரு தகவலை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

நாடகக் கம்பெனியில் கழித்த வருஷங்கள் வீண் போகவில்லை என்பது அவர் படங்களைப் பார்த்தாலே தெரியும். சீன் எழுதுகிறவனுக்குக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவன்தான் எஜமான். அவன் கண்ணுக்கு எட்டாத நுணுக்கம் திரையில் இருந்தும் பயனில்லை. காலண்டர் படத்துக்கும் அதே சட்டம். அது வாசல்படியிலிருந்து பார்த்தாலும் தெரியவேண்டும், விளக்கேற்றிக் கிட்டே நின்று கும்பிட்டாலும் ஏமாற்றக் கூடாது. அவருடைய கஜலட்சுமியை எடுத்துக்கொள்ளுங்கள். தேவி நேராக நம்மைப் பார்க்கிறாள், இரண்டு பக்கமும் யானைகள் தராசுத்தட்டு மாதிரி நிற்கின்றன. தூரத்திலிருந்து அந்தச் சமநிலைதான் தெரியும். கிட்டே போனால் நகையும் பட்டும் தாமரை இதழும் ஒவ்வொன்றாக வெளியே வரும். மேடையை விட்டு வந்தும் மேடையின் அறிவை அவர் விடவில்லை. முகத்தில் மட்டும் நாடகம் இல்லை. அது அமைதியாக இருக்கிறது. வருஷம் முழுக்கச் சுவரில் இருக்கப்போகிற முகம் அப்படித்தான் இருக்கமுடியும்.

கோவில்பட்டியில் அவர் தனியாக இருக்கவில்லை. டி.எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம், டி.எஸ். அருணாசலம் என்று சீடர்கள் சூழ இருந்தார். பல பிரிண்டுகளில் கொண்டையராஜு, சுப்பையா என்று இரண்டு பேருடைய பெயரும் சேர்ந்தே இருக்கும். நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது இந்த இடத்தில்தான். குருவின் பெயர் ஒன்றே படத்தை விற்றுவிடும். இருந்தும் சீடன் பெயர் பக்கத்தில் வந்தது. சுப்பையாவுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து திருத்த ஒருவர் இருந்தார், அடுத்த வேலை வந்துகொண்டிருந்தது, செய்த வேலையில் பெயர் அச்சானது. இந்த மூன்றும் இருந்தால் நம்பிக்கை தானாக வரும். மூன்றும் இல்லாத பிள்ளையிடம் 'நிமிர்ந்து பேசு' என்று சொல்வது, தண்ணீர் பாய்ச்சாமல் பயிரைத் திட்டுகிற மாதிரி.

இந்தக் கதையில் எனக்கு ஒப்பாத பகுதியும் உண்டு. பணத்தைப் பெரிதாக நினைக்காத சாமியார் மனுஷன் என்றே அவரைப் பற்றி எழுதுகிறார்கள். உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் ஒரு துறவியின் விரதத்தைத் தொழிலின் கூலி விதியாக மாற்ற முடியாது. 'கொண்டையராஜுவே காசு கேட்கவில்லை' என்று இன்று ஒரு மாணவியிடம் சொன்னால், அந்தப் பெருந்தன்மையால் லாபம் அடைவது வாங்குகிறவர் மட்டும்தான்.

கஜ்ரி ஜெயின் 2007-ல் காலண்டர் படச் சந்தையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். காலண்டர் என்பது வியாபாரி தன் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் அன்பளிப்பு என்ற விஷயத்துக்கு அதில் முக்கிய இடம் உண்டு. அதை வைத்துப் பார்த்தால் 'கடைக்காரர் பேருதான் வரணும்' என்ற பேச்சின் நியாயம் புரிகிறது. கொடுக்கிறவர் பெயர் அன்பளிப்பில் இருக்கத்தானே வேண்டும்? ஆனால் பழைய காலண்டர் ஒன்றை எடுத்துப் பாருங்கள். கடைப் பெயர் படத்துக்குக் கீழே தனி இடத்தில் பெரிதாக இருக்கும். ஓவியர் கையெழுத்து படத்துக்குள்ளே, மூலையில், அரிசி அளவுக்கு இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று இடித்ததில்லை. ஆக, இடம் இல்லை என்பது காரணமே அல்ல. பேர் இல்லாத ஓப்பன் ஃபைல் என்றால் அடுத்த வருஷம் சேலை நிறத்தை மாற்றி இன்னொரு கடைக்குக் கொடுக்கலாம். சங்கதி அதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தோம். 1957 காப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்துச் சொல்லி வரையவைத்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆகவே பேசவேண்டியதை வரைவதற்கு முன்னாடியே எழுத்தில் பேசிவிட வேண்டும். ஆனால் 57-வது பிரிவு வேறு. உரிமை கைமாறிய பிறகும் 'இது நான் வரைந்தது' என்று சொல்லும் உரிமையும், மதிப்பைக் கெடுக்கும்படி படத்தைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையும் வரைந்தவரிடமே இருக்கும். படிக்கிற பிள்ளை, படித்து முடித்த பிள்ளை என்ற வித்தியாசம் அதில் இல்லை. அவள் கேட்ட தகுதி அங்கே இருக்கிறது.

காலண்டர்க்காரரைத் திட்டி எழுத வேண்டாம் என்று சொன்னேன். ஆடி 18-க்கு சிவகாசியில் ஆல்பம் வெளியிட்டாக வேண்டும், அவருக்கும் நெருக்கடிதான். அரைப் பக்கத்தில் மூன்றே விஷயம் எழுதினாள்: படங்கள் ஒரு வருஷக் காலண்டருக்கு மட்டும், நிறத்தையோ உருவத்தையோ மாற்றுவதானால் அவளிடம் சொல்லவேண்டும், மூலையில் பெயர் இருக்கும். கூடவே பழைய கொண்டையராஜு பிரிண்ட் ஒன்றின் மூலையைப் போட்டோ எடுத்து வைத்தாள். அது நான் சொல்லாதது.

மறுநாள் போன் வந்தது. நாலு படத்தில் பெயர் வைத்துக்கொள்ளலாம், இரண்டில் வேண்டாம் என்றாராம். ஓப்பன் ஃபைல் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

"அந்த ரெண்டு எதுன்னு கேட்டியா?"

"கேக்கல சித்தப்பா. அந்த ரெண்டையும் திருப்பி வாங்கிக்கிடுதேன்னு சொல்லிட்டேன்."