கிர்க் எங்கே செத்தார்?

ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் நடுவில் முப்பது வருஷமா ஓயாத சண்டை ஒண்ணு உண்டு. கேப்டன் கிர்க்குக்கு இப்படி ஒரு சாவு தேவையா?

1994-இல் வந்த 'ஜெனரேஷன்ஸ்' படத்தில், பாலைவனத்தில் ஒரு இரும்பு நடைபாலம் உடைந்து விழுந்து அவர் சாகிறார். முதலில் எடுத்த முடிவில் வில்லன் சோரன் அவரை முதுகில் சுட்டுக் கொல்வான். முன்னோட்டம் பார்த்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை, மறுபடி எடுத்தார்கள். அதுவும் ரசிகர்களுக்கு ஆறவில்லை. 'கப்பலோட பிரிட்ஜ்ல நின்னு சாக வேண்டிய மனுஷன், ஒரு பிரிட்ஜ் விழுந்து சாகலாமா' என்பது அவர்கள் புலம்பல்.

எதிர்த்தரப்பு சொல்வது: பக்கத்துக் கிரகத்தில் இருந்த 23 கோடி பேரைக் காப்பாற்றித்தானே செத்தார்? நியாயம்தான். ஆனா அந்த 23 கோடியில் ஒருத்தர் முகத்தைக்கூட படம் நமக்குக் காட்டவில்லை. கணக்குக்காக யாரும் அழுவதில்லை.

1982-இல் ஸ்போக் செத்தபோது ஏன் அப்படி வலித்தது? கிர்க் மாணவனாக இருந்தபோது, யாராலும் ஜெயிக்க முடியாத ஒரு பயிற்சித் தேர்வில் கம்ப்யூட்டரை மாற்றி ஜெயித்தவர். தோல்வியை நேரில் பார்க்காமலே வாழ்ந்தவர். ஸ்போக்கின் சாவுதான் அவருக்கு அதைக் காட்டியது. அதாவது அந்தச் சாவு ஒரு பழைய கேள்விக்குப் பதில்.

கிர்க்கின் சாவிலும் அந்தப் பதில் இருக்கு என்பது என் கட்சி. என்ன, எல்லோரும் தப்பான காட்சியைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறோம். நெக்ஸஸ் என்ற அந்த ஆனந்த உலகத்தில் குதிரையில் ஒரு பள்ளத்தைத் தாண்டுகிறார். பயமே வரவில்லை. பயம் இல்லையென்றால் இது நிஜமில்லை என்று அங்கேயே புரிந்துவிடுகிறது. தோற்கவே முடியாத இடத்தை விட்டு, தோற்கக்கூடிய இடத்துக்கு அவரே கிளம்புகிறார். தேர்வை ஏமாற்றிய பையன், இந்தத் தடவை ஏமாற்றாமல் எழுதப் போகிறான்.

படத்தின் குற்றம் அவரைக் கொன்றது இல்லை. குதிரைக் காட்சியில் தானே கண்டுபிடித்ததை, பாலத்துக்கு வரும்போது மறந்துவிட்டது. அங்கே கிர்க் ஓடுகிறார், விழுகிறார், அவ்வளவுதான்.

கிர்க்காக நடித்த ஷாட்னரே 1996-இல் ஒரு நாவலில் அவரை உயிர்ப்பித்துவிட்டார். அவருக்கும் ஆறவில்லை போல. நீங்க அடுத்த தடவை பார்க்கும்போது பாலத்தை விடுங்க, குதிரையைப் பாருங்க.